மிஷின் யோசித்த நேரம்

என் அப்பாவை நான் ஒன்பது நாட்கள் ஏமாற்றினேன். பெரிய கில்லாடி என்று யாரும் மெச்சிவிட வேண்டாம். ஒரு விசையை அழுத்த வேண்டியதைவிட மூன்று தடவை குறைவாக அழுத்தினேன், அவ்வளவுதான். அதற்குமேல் சாமர்த்தியம் கேட்கிற எந்தக் காரியத்தையும் நான் அந்த வயதில் செய்ததில்லை. அதற்குப் பிறகும் செய்ததாக ஞாபகம் இல்லை.

அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனா கூட்ஸ் வண்டி கார்டு. பாகாலா ஜங்ஷன் வழியாகப் போகும் சரக்கு வண்டிகளின் கடைசிப் பெட்டியில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, ஒரு நோட்டு ஆகியவற்றோடு தனியாக உட்கார்ந்து இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வந்த நேரம், புறப்பட்ட நேரம், தாமதமானால் அதற்கான காரணம் என்று அந்த நோட்டில் எழுத வேண்டும். வேலை வீடு வரைக்கும் வந்துவிட்டது. சோறு வரத் தாமதமானால் "ஏழு நிமிஷம்" என்பார். சித்தூர் சர்ச்சில் பிரசங்கம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, "நாப்பத்திரண்டு" என்று எங்கள் பக்கம் குனிந்து சொல்வார். அதற்காகவே பாதிரி ஐயர் பிரசங்கம் முழுக்க எங்கள் வரிசையைத் தவிர மற்ற வரிசைகளைப் பார்த்துப் பேசுவார்.

ஐம்பத்து நாலாவது வயதில் ஒரு காலை, சித்தூர் வீட்டில் ஷூ கயிறு கட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது கை, வலது கால், பேச்சில் பாதி போய்விட்டன. திருப்பதி பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். காலும் பேச்சும் மெல்ல மெல்ல வந்தன. கை வரவில்லை. தினமும் கைப்பயிற்சிக்குப் போக வேண்டும் என்பதால் திருப்பதியிலேயே அக்கா வீட்டில் தங்க வைத்தோம். நான் அப்போது திருப்பதியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு நாற்பது சொல் அடிப்பேன். அதில் முப்பது சரியாக இருக்கும். சித்தூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனவன், நைனாவுக்குத் துணையாக நானும் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். தகப்பனை விட்டுப் பிரியாத பிள்ளை என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அக்காவின் சமையலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை.

ரயில்வேயிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஆறு வாரம் கழித்துப் பாகாலாவில் ரயில்வே டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். அவர் தகுதி என்று எழுதினால் வேலை. இல்லாவிட்டால் வீடு. போக விருப்பமில்லை என்றால், என்னால் முடியாது என்று இவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். நைனா அதை வேதப்புத்தகத்துக்குள் வைத்துவிட்டார்.

கையைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் பயம் தலையைப் பற்றியது. ஆஸ்பத்திரியில் முதல் வாரம், தன் வண்டி போகும் தடத்தின் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். எட்டாவது பெயர் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து வந்தார். அதே இடத்தில் நின்றார். நான் பெயரைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்ததெல்லாம் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தது. தலை சரியாக இருக்கிறதா, இல்லையா? அதைச் சோதிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி சதுரங்கம்.

சித்தூரில் ஞாயிறு ஆராதனை முடிந்து எங்கள் சபை உபதேசியாரும் அவரும் ஆடத் தொடங்கினால் ரெண்டு மணி நேரம் சண்டைதான். ஆடுவது எங்கள் பக்கத்து நாட்டு ஆட்டம். சிப்பாய் ஒவ்வொரு கட்டமாகத்தான் போகும். ராஜாவுக்கு அதுவரை யாரும் 'செக்' சொல்லாமலிருந்தால் ஒரே ஒரு தடவை அவர் குதிரை மாதிரி தாண்டலாம். பத்திரிகைகளில் ராணி என்று எழுதும் காய்க்கு நாங்கள் மந்திரி என்போம். உபதேசியார் தோற்றால் பலகையையே கவிழ்ப்பார். அதற்குப் பிறகு அன்றைய பிரசங்கத்தில் வந்த பொறுமையைப் பற்றி நைனா ஞாபகப்படுத்துவார்.

அப்படிப்பட்ட உபதேசியார் திருப்பதிக்கு வந்து நைனாவைப் பார்த்தார். ஜெபித்தார். பலகையை விரித்தார். பத்தே நிமிஷத்தில் தன் மந்திரியை நைனாவின் யானைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

"ஜெயிச்சிட்டீங்க அண்ணே! தோத்திரம்! புத்தி அப்படியே இருக்குது உங்களுக்கு."

நைனா சிரித்து, இடது கையைத் தூக்கி அனுப்பிவைத்தார். ஆள் படியிறங்கியதும் பலகையை இடது கையால் என் பக்கம் தள்ளினார்.

"மந்திரிய காணிக்கை தட்டுல போடற மாதிரி போட்டுட்டுப் போறான். இனிமே இத்த எடுக்காதே."

என்னோடு ஆடுங்கள் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், நான் அதைவிட மோசம் என்பது தெரிந்தது. உண்மையில், நான் விட்டுக்கொடுக்காமலே அவரிடம் தோற்கக்கூடியவன். ஆனால் அதை யார் நம்புவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் குவைத்திலிருந்து மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், விடுமுறைக்கு வந்து போனபோது விட்டுச்சென்ற பெட்டி என் கண்ணில் பட்டது. டிவியில் சொருகி ஆடும் வீடியோ கேம். தடியான கறுப்புப் பெட்டி, கைக்கு அடக்கமான ஒரு கட்டையில் நட்ட குச்சி, கட்டையின் மூலையில் ஒரு சிவப்பு பட்டன். ஆட்டத்துக்கு ஒன்றாகப் பெட்டியில் சொருக, சோப்புக்கட்டி அளவு டப்பாக்கள் நாலைந்து. பூச்சிகளைச் சுடுவது, கார் ஓட்டுவது என்று அக்கா பிள்ளைகள் அவற்றைத் தேய்த்துத் தீர்த்திருந்தார்கள். ஒன்றைமட்டும் யாரும் தொடவில்லை. அட்டையில் சதுரங்கக் குதிரைப் படம் போட்டிருந்தது.

நைனாவிடம் சொன்னேன். அவர் டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எதிர்ல யாரு ஆடறது?"

"மிஷினே ஆடும் நைனா."

"அதுக்கு எனக்கு உடம்பு சரியில்லைன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப போடு."

அக்கா வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. பெட்டி செய்தவர்கள் இரண்டு படைகளுக்கும் அழகழகான வண்ணம் கொடுத்திருப்பார்கள்போல. எங்களுக்குத் தெரிந்தது, நம் படை ஒரு சாம்பல், அதன் படை இன்னொரு சாம்பல். முதல் நாள் நான் மிஷினின் குதிரையை நம்முடையது என்று நினைத்து அரைமணி நேரம் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். கட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் குச்சியை ஆட்ட வேண்டும் என்பதால் நைனாவால் தனியாக ஆட முடியாது. அவர் சொல்வார், நான் நகர்த்துவேன். காயை எடுத்து வைத்ததும் திரை மின்னி மங்கி மின்னி மங்கிப் போகும். மிஷின் யோசிக்கிறது என்று அர்த்தம். ஆட்டம் தொடங்கும் முன் ஒரு விசையை அழுத்தி நம்பர் வைக்க வேண்டும். ஒன்றாம் நம்பர் என்றால் சுலபம், சட்டென்று பதில் வைக்கும். நம்பர் கூடக்கூட யோசனையும் கூடும். ஏழாம் நம்பருக்குப் பத்து மணி நேரம் பிடிக்கும் என்று கூட வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நைனா நடுவில் இருந்த நாலாம் நம்பரை வைக்கச் சொன்னார்.

அன்றைக்கே ஒரு தகராறு. மிஷினின் யானை குறுக்கே வந்தபோது நைனா நிதானமாக, "ராஜாவ தாண்ட வெய்யி" என்றார். குதிரைத் தாண்டலாக வைத்தேன். பெட்டி 'பர்ர்' என்று கத்தியது.

"என்னா கத்துது?"

"செல்லாதாம் நைனா. அதோட ஆட்டத்துல ராஜா தாண்ட மாட்டாராம்."

"ஏன், அவருக்கும் வலது கால் வரலியா?"

அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். நோய் வந்தபிறகு அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது. இந்த வீட்டில் அந்த வேலை என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் வெறும் பதிலி ஆள்.

புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். சிப்பாய் முதல் தடவை ரெண்டு கட்டம் போகலாம். ராஜாவும் யானையும் ஒரே சமயத்தில் இடம் மாறலாம். நாற்பது வருஷம் ஒரு விதமாக ஆடியவர், ரெண்டே நாளில் எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார். தலை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கு அது உறைக்கவில்லை. அவர் ஜெயிக்கிறாரா, தோற்கிறாரா என்பதை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தோற்றார். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு உட்கார்ந்து தோற்றார். மிஷின் மந்திரியைக் காணிக்கை போடவில்லை, மலையைப் பார்க்கவில்லை, தோத்திரம் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் வேதப்புத்தகத்திலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"ஒரு ஆட்டம், ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சா டாக்டர்கிட்ட போறேன். இல்லைன்னா முடியாதுன்னு எழுதிக் குடுத்துடறேன். புத்தி கெட்டவன் கையில வண்டிய குடுக்கக் கூடாது."

"நைனா, மிஷினோட தோத்தா புத்தி கெட்டதுன்னு அர்த்தமா?"

"நீ நல்லா இருக்கறவன். நீ தோத்தா அர்த்தமில்ல."

மறுநாள் அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் நான் விசையை நாலு தடவை அழுத்துவதற்குப் பதிலாக ஒரு தடவை அழுத்தினேன். ஒன்றாம் நம்பர். ஆட்டம் தொடங்கியதும் நம்பர் திரையிலிருந்து போய்விடும்.

மூன்றாம் நாள் ஜெயித்தார். அக்கா ஆட்டுக்கறி எடுத்து வரச் சொன்னாள். நைனா தானே இடது கையால் முகம் மழித்துக்கொண்டு, கன்னத்தில் மூன்று வெட்டோடு வந்து உட்கார்ந்தார். நான் கறியைத் தின்றேன். அது தொண்டையில் நின்றது என்றெல்லாம் எழுத ஆசைதான். நிற்கவில்லை. ரெண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். அவர் அடுத்தடுத்து இன்னும் இரண்டு ஆட்டம் ஜெயித்தார். காகிதம் வேதப்புத்தகத்துக்குள் திரும்பிப் போனது. நான் ஏதோ வைத்தியம் கண்டுபிடித்தவன் மாதிரி இன்ஸ்டிட்யூட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்தபோது டிவி அணைந்திருந்தது. நைனா மடியில் ஒரு நோட்டு. டைப்ரைட்டிங் பிள்ளைகளுக்கு வாங்கி மிஞ்சியது என்று நான் அக்காவிடம் கொடுத்த நோட்டு. ஆட்டத்தின் நடுவில் அவர் அதில் கிறுக்கியபோதெல்லாம், இடது கையால் எழுதிப் பழகுகிறார் என்று நினைத்திருந்தேன்.

"இத்த படி."

இடது கையால் எழுதிய எழுத்து, காற்றில் ஓடும் எறும்பு மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் கட்டங்கள் நேராகப் போட்டிருந்தன. தேதி. ஆட்டம். எத்தனையாவது நகர்த்தல். மிஷின் எடுத்துக்கொண்ட நேரம். முதல் நாளிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நேரம் குறித்திருந்தார். கரண்ட் போன நாளில் 'கரண்ட் இல்லை, ஐம்பது நிமிஷம்' என்று காரணமும் எழுதியிருந்தார்.

"நாலாம் நம்பர்ல இது எவ்ளோ நேரம் எடுத்துக்கினு இருந்துச்சி?"

"ரெண்டே முக்கால் நிமிஷம்."

"போன வாரம் வியாழக்கிழமையிலிருந்து?"

நோட்டில் கால் நிமிஷம், கால் நிமிஷம், கால் நிமிஷம் என்று பக்கம் முழுக்க இறங்கியிருந்தது.

"என்னாடா, எல்லா ஸ்டேஷன்லயும் ஒரே நாள்ல லைன் கிளியர் குடுத்து வழி விட்டுட்டாங்களா?"

எனக்குத் தெரிந்த ஒரே கருவியை எடுத்தேன். "உங்களோட ஆடி ஆடி மிஷினும் தேறிடுச்சி நைனா. டைப்ரைட்டிங்ல கூட அப்படித்தான், பழகப் பழக ஸ்பீடு வந்துடும்."

அவர் சிரிக்கவில்லை. நான் வாயை மூடினேன். சுவரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

"என்னா எழுதறீங்க?"

"நீ பதில் சொல்ல லேட்டாவுது. எழுதிக்கறேன்."

"நான்தான் மாத்தினேன்."

"நாலு நிமிஷம்," என்று எழுதினார். பிறகு தலைநிமிராமலே சொன்னார். "உபதேசியாரு பாவம் பார்த்தான்னா, அவன் மனுஷன், போவட்டும்னு விட்டேன். இது ஒண்ணுதான் என்னைப் பார்த்துப் பாவப்படாம இருந்துச்சி. நீ அதுக்கும் சொல்லிக் குடுத்துட்டியே."

அப்போது நான் அழுதிருக்க வேண்டும். அழுகை வரவில்லை. சிரிப்பும் வரவில்லை. வேடிக்கைப் பேச்சைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சமையலறைக் கதவருகே அக்கா முந்தானையை வாயில் வைத்தபடி நின்றாள்.

"போடு," என்றார். "நாலு. நான் எண்ணிக்கினு இருப்பேன்."

நாலு தடவை அழுத்தினேன். ஒவ்வொன்றாக, அவருக்குக் கேட்கும்படி. திரையில் நாலு தெரிந்ததும் தலையசைத்தார். ஆடினோம். திரை மின்னி மங்கிய ஒவ்வொரு ரெண்டே முக்கால் நிமிஷத்தையும் அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். அவர் நன்றாக ஆடினார். ஒரு யானையைப் பிடித்தார். பிறகு நடுவில் எங்கோ ஒரு கட்டம் தவறியது. தோற்றார்.

அவ்வளவுதான், காகிதத்தை எடுக்கப் போகிறார் என்று வேதப்புத்தகத்தைப் பார்த்தேன். அவர் நோட்டில் ஒரு கூட்டல் போட்டுக்கொண்டிருந்தார்.

"டாக்டரண்ட போலாம்," என்றார்.

"ஜெயிச்சாதான் போவேன்னு சொன்னீங்களே நைனா?"

"இது என்னைத் தோக்கடிக்க ரெண்டு மணி முப்பத்தாறு நிமிஷம் ஆச்சி. அவ்ளோ நேரம் நின்னிருக்கேன். உன் ஒண்ணாம் நம்பர்கிட்ட ஜெயிச்சது எத்தினி நிமிஷம்னு நீயே பாரு." நோட்டை என்னிடம் கொடுத்தார். "அப்புறம், புத்தி கெட்டவனா இருந்தா உன்னைப் பிடிச்சிருப்பேனா?"

ஒன்பது நாளாகச் செய்த திருட்டில் உருப்படியாக விளைந்தது அது ஒன்றுதான். அதற்காகப் பெருமைப்பட எனக்கு இன்றைக்கும் துணிச்சல் வரவில்லை.

டாக்டரிடம் போக வேண்டிய நாள் வந்தது. விடியற்காலை நைனா குளித்து, யூனிபாரம் போட்டு, டிவி முன்னால் உட்கார்ந்தார்.

"ஏழாம் நம்பர் வெய்யி."

"நைனா, அது பத்து மணி நேரம் எடுத்துக்கும்."

"எடுத்துக்கட்டும். எனக்கும் இன்னிக்கு வெளிய வேலை இருக்குது."

சிப்பாயை ரெண்டு கட்டம் நகர்த்தச் சொன்னார். திரை மின்னத் தொடங்கியது. நேரம் ஐந்து நாற்பது. குறித்துக்கொண்டார். அக்காவிடம், யாரையும் டிவியைத் தொடவிடக் கூடாது, மிஷின் பதில் வைத்தால் நேரத்தை எழுதி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பாகாலாவில் டாக்டர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். "ஈ ரோஜு ஏ வாரமண்டி?" என்று கிழமை கேட்டார். நைனா கிழமை, தேதி, அப்போது மணி எத்தனை என்பதுவரை சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார் டாக்டர். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று நைனா புறப்பட்டார். ஐம்பத்தெட்டு வந்ததும் டாக்டர் போதும் என்று கைகாட்டி, "சாலு, சாலு" என்றார். நைனா நிற்கவில்லை. சிக்னல் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்திப் பழக்கமில்லாதவர், ரெண்டில் வந்துதான் நின்றார். நான் தள்ளி நின்று விரல்விட்டு எண்ணினேன். நாற்பத்து நாலிலேயே எனக்குத் தடம் தவறிவிட்டது.

பிறகு கையைத் தூக்கச் சொன்னார். நைனா இடது கையைத் தூக்கினார். வலது கையை, என்றார் டாக்டர். அது தோள்வரை வரவில்லை. விரல்களில் ஒரு கொடியைக் கொடுத்தார். கொடி கீழே விழுந்தது. நான் எடுக்கக் குனிந்தேன். நைனா என்னைத் தடுத்துவிட்டு, இடது கையால் தானே எடுத்துச் சுருட்டி மேசைமேல் வைத்தார். பிரேக் சக்கரத்தைச் சுற்ற ரெண்டு கையும் வேண்டும் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். தெரியும் என்றார் நைனா.

பிளாட்பாரத்தில் உட்கார்ந்தோம். ஒரு சரக்கு வண்டி புறப்பட்டுப் போனது. கடைசிப் பெட்டியில் நின்றிருந்த கார்டு நைனாவை அடையாளம் கண்டு கை காட்டினார். இவரும் காட்டினார். வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எதுல ஃபெயிலு?"

"கையில நைனா."

"தலையில?"

"பாஸு."

"அவ்ளோதான் நான் கேட்டது," என்றார். கைக்குட்டையை என்னிடம் நீட்டினார். அது யாருக்குத் தேவைப்பட்டது என்பதை அவர் என்னைவிடச் சீக்கிரம் கவனித்திருந்தார்.

திருப்பதி வந்து சேர ஐந்து மணி ஆனது. வழியெல்லாம் எனக்கு ஒரே ஜெபம், இன்றைக்கு மட்டும் கரண்ட் போயிருக்கக் கூடாது. வாசலில் அக்கா எங்கள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். அவள் கண் கலங்குவதற்குள் நைனா கேட்டுவிட்டார்.

"பதில் சொல்லிச்சா?"

"சொல்லிச்சி நைனா. மூணே முக்காலுக்கு. காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். பசங்க கிட்ட கூட வரல."

ஷூவைக்கூடக் கழற்றாமல் டிவி முன்னால் போய் உட்கார்ந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பத்து மணி நேரம் யோசித்து, மிஷின் ஒரு சிப்பாயை எடுத்து முன்னால் வைத்திருந்தது. ஒரே ஒரு கட்டம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கா நைனா இவ்ளோ நேரம்? நானே வச்சிருப்பேனே!"

"ஒரு கட்டம்தான் வச்சிருக்குது பாரு," என்றார். குரலில் ஒரு மரியாதை. "நம்ம நாட்டு ஆட்டம்."

நோட்டை எடுத்துப் பத்து மணி நேரம் ஐந்து நிமிஷம் என்று எழுதினார். அக்கா தட்டை எடுத்துவந்தாள்.

"காலைல இருந்து ஒண்ணும் துன்னல நீங்க. முதல்ல துன்னுங்க நைனா."

"இரும்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அது பத்து மணி நேரம் யோசிச்சி வச்சிருக்குது. நான் ஒரு பத்து நிமிஷமாவது யோசிக்க வேணாமா?"

நான் குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் சொல்லும்வரை எதையும் அழுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.